சைலன்சர் ஓட்டையை அடைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், பழைய சிறிய எஞ்சினின் சைலன்சரில் ஓட்டை விழுந்தால் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் போதும் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. தண்ணீர் இறைக்கும் எஞ்சின், ஜெனரேட்டர், மருந்து தெளிப்பான், புல் வெட்டும் இயந்திரம் என்று ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களைப் பழுது பார்ப்பதே என் தொழில். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. தகரம் சுற்றிய எஞ்சின்கள் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகின்றன, வரும்போது ஸ்டட், அதாவது சைலன்சரை எஞ்சினோடு பிடிக்கும் மரையிட்ட தண்டு, முறிந்த நிலையில் வருகின்றன.

சத்தம் கூடினால் எல்லோருடைய கண்ணும் சைலன்சர் டப்பாவுக்குத்தான் போகும். ஆனால் நான் பார்த்தவரை கசிவு பெரும்பாலும் தொடங்குவது டப்பாவில் இல்லை. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வாயில் சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகள், இணைப்பில் கசிவைத் தடுக்க வைத்திருக்கும் கேஸ்கட் என்ற மெல்லிய தகடு, அங்கேதான். ஒரு நட்டு அதிர்வில் தளர்கிறது. கேஸ்கட்டின் அந்தப் பக்கம் எரிகிறது. சைலன்சர் ஆடத் தொடங்குகிறது. ஆட ஆட அடுத்த நட்டும் தளர்கிறது, அப்புறம் ஸ்டட் முறிகிறது. டப்பாவின் எடையைத் தாங்க வால் பக்கம் ஒரு சிறிய பட்டி இருக்கும். முன்பு எப்போதோ கழற்றியவர் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். நான் முதலில் தேடுவது அந்தப் பட்டியைத்தான். அது இல்லாமல் எவ்வளவு நல்ல கேஸ்கட் போட்டாலும் நிலைக்காது.

கசிவைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். புகை வாயைச் சுற்றியுள்ள, எஞ்சினைக் குளிர்விக்கும் அலுமினிய இதழ்களில் கரிக்கோடு ஓடியிருந்தால் அங்கே கசிகிறது என்று பொருள். சந்தேகம் தீரவில்லையா? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இணைப்பில் சோப்பு நீரைத் தடவி, வால் குழாய் வழியாக மெதுவாகக் காற்று செலுத்தினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் சத்தம் இல்லை. ஒருவர் தன் ஜெனரேட்டரைக் கொட்டகைக்குள் வைத்து, வால் குழாயோடு நீளமான குழாயை இணைத்துச் சுவருக்கு வெளியே விட்டிருந்தார். புகை வெளியே போகிறது என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். இணைப்பிலிருந்து கசிந்ததோ முழுவதும் கொட்டகைக்குள்ளேயே நின்றது. எஞ்சின் ஓடும் நாட்களில் தலைவலி, குமட்டல் வரும் என்று பேச்சுவாக்கில் சொன்னார், அதை வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். சிறிய எஞ்சின்தானே, என்ன செய்துவிடும் என்ற எண்ணம் உயிரை வாங்கிவிடும். மூடிய இடத்தில் சில நிமிடங்களே போதும், கதவையும் சன்னலையும் திறந்து வைப்பது போதாது. சைலன்சர் புத்தம் புதிதாக இருந்தாலும் எஞ்சின் ஓட வேண்டிய இடம் வெளியேதான், கதவு சன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வீட்டுப் பக்கம் திரும்பாதபடி. தங்கள் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

சரி, பழுதுக்கு வருகிறேன். பழைய எஞ்சினில் கடினமான வேலை கழற்றுவதுதான். துருப்பிடித்த நட்டை ஒரே மூச்சில் திருப்பினால் ஸ்டட் எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டுக்குள்ளேயே முறியும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். மறுநாள் ஸ்பேனரை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அசைத்து, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி, இப்படித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். நட்டு வராமல் ஸ்டட்டே சேர்ந்து சுழன்று வந்தால் அது நல்லதுதான், புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம். எதுவும் அசையவில்லை என்றால் சூடு. ஆனால் பெட்ரோல் தொட்டியையும் கார்பரேட்டரையும் கழற்றித் தூரமாக வைத்து, ஊற்றிய எண்ணெயைத் துடைத்த பிறகுதான் தீயைக் கையில் எடுக்க வேண்டும். ஸ்டட்டைச் சூடாக்காமல் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், பிடி தானாக இளகும்.

முறிந்தே போய்விட்டால், உள்ளே துளைபோட்டு, முறிந்ததை வெளியே எடுக்கும் ஈஸி அவுட் என்ற கருவியைச் செருகித் திருகும் ஆசை வரும். அந்தக் கருவியின் இரும்பு மிகக் கடினமானது. அது உள்ளே ஒடிந்துவிட்டால் சாதாரண டிரில் அதன்மேல் ஏறாது. முறிந்த ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவதே என் கையில் அதிகம் பலித்த வழி. வெல்டிங் சூடும் சேர்ந்து துருவை உடைத்துவிடும். மரை போய்விட்டால் துளையில் கம்பிச்சுருளைச் செருகிப் புது மரை போட்டுக்கொள்ளலாம், ஹெட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டுபவர்கள் கவனிக்க வேண்டும். பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு உண்டு, அதன் தூசி நுரையீரலில் தங்கி நோயாகும். நன்றாக நனைத்துவிட்டுக் கையால் சுரண்டுங்கள், கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் கரியும் அப்படித்தான். ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடிய எஞ்சின் என்றால் அந்தக் கரியில் ஈயமும் இருக்கும். உலகத்தில் வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது முழுவதும் நின்றது 2021-ல்தான்.

கேஸ்கட் போடும் முன் சைலன்சரின் ஃபிளேஞ்ச், அதாவது எஞ்சினோடு பொருந்தும் விளிம்புத் தட்டின் முகம், தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து முகத்தை அதில் தேய்த்தால் மேடும் பள்ளமும் தெரிந்துவிடும், தேய்க்கத் தேய்க்கச் சமமாகவும் ஆகிவிடும். செம்பு வளைய கேஸ்கட் என்றால், சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் பழையதே மறுபடி மென்மையாகிவிடும். நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பித்தளை நட்டு கிடைத்தால் அதையே போடுங்கள், அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார். ஒருமுறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு திரும்ப இறுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான், அதனாலேயே புது கேஸ்கட்டும் சீக்கிரம் எரிகிறது.

இனி டப்பா. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சினை ஓட்டிய உடனே அணைக்கும் வழக்கம் இருந்தால் அந்த நீர் ஆவியாகி வெளியேறாமல் டப்பாவுக்குள் தங்கி உள்ளேயிருந்து அரிக்கும். வெளியே வண்ணம் பூசிப் பயனில்லை. சில டப்பாக்களின் அடியில் பொடி துளை ஒன்று இருக்கும், அது தண்ணீர் வடிவதற்காகச் செய்தவர்களே வைத்தது. அதை ஓட்டை என்று நினைத்து வெல்டிங்கில் அடைத்த சைலன்சர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. அடைத்தால் டப்பா இன்னும் சீக்கிரம் போய்விடும்.

உண்மையான ஓட்டை என்றால் நல்ல இரும்பு வரைக்கும் துருவை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங் அல்லது பித்தளைப் பற்றவைப்பு. முழுச் சுமையில் எஞ்சினை விட்டு வெளியேறும் புகையின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ஈயப் பற்றாசு 200 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும், பிசைந்து ஒட்டும் எப்பாக்ஸி கருகி உதிர்ந்துவிடும். துத்தநாகம் பூசிய தகட்டை ஒட்டுக்கு எடுக்கவே கூடாது, வெல்டிங் சூட்டில் வரும் அதன் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். தகரம் சுற்றிக் கட்டுவது அவசரத்துக்குச் சத்தத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். தகரத்துக்கு அடியில் ஈரம் நின்று துரு பரவும்.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வேறு கதை. அங்கே ஓட்டையைவிட அடைப்புதான் அதிகம். ஆயில் கலந்த கரி புகை வாயிலும் சைலன்சரிலும் படிந்து எஞ்சின் மூச்சுவிட முடியாமல் இழுவை குறைந்துவிடும், கார்பரேட்டரைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். பிஸ்டனை வாயை மூடும் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மரக்குச்சியால் கரியைச் சுரண்டினால் துகள் சிலிண்டருக்குள் விழாது. தீப்பொறி தடுக்கும் சல்லடை இருந்தால் சுத்தம் செய்து திரும்ப மாட்டுங்கள், இடைஞ்சல் என்று கழற்றி வீசாதீர்கள். காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும்.

எஞ்சின் தயாரிப்பவர்களுக்கும் தங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். கையேட்டின் ஒரு மூலையில் கேஸ்கட்டின் அளவையும் ஸ்டட்டின் மரை அளவையும் அச்சிட்டுக் கொடுங்கள். அந்த இரண்டும் தெரிந்தால், உதிரிபாகம் நின்றுபோன எஞ்சினுக்கும் கையாலேயே வெட்டிப் போட்டுவிட முடியும்.

தாங்கள் அந்தக் குறிப்பு வந்த அதே இடத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே தகரம் சுற்றியவர்கள், அடுத்த முறை ஓட்டுவதற்கு முன் எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்த இரண்டு நட்டுகளையும் ஸ்பேனர் வைத்துப் பார்க்கட்டும். எஞ்சின் கொட்டகைக்குள் இருந்தால் அதை முதலில் வெளியே எடுத்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
சிறு எஞ்சின் பழுதுபார்க்கும் வாசகர்