நீலம் ஏன் ஒன்றுபோல் இல்லை? அரித்தா கிண்ணங்கள் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நீலக் கொடி ஓவியம் எழுதிய ஐந்து ஜப்பானியப் பீங்கான் கிண்ணங்கள் கொண்ட அரித்தா தொகுதியை எங்களிடம் வாங்கியவர்களில் சிலர், ஒரு கிண்ணத்தில் நீலம் அடர்ந்தும் அடுத்ததில் வெளிறியும் இருப்பதாகவும், கொடியின் சுருள்கள் எண்ணிக்கையில்கூட ஒத்துவரவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். பழுதான சரக்கு வந்துவிட்டதோ என்று அவர்கள் ஐயுற்றது நியாயமே. பெட்டிக்குள் ஒரு விளக்கத் தாளையாவது நாங்கள் வைத்திருக்க வேண்டும். வைக்காதது எங்கள் தவறு.

அரித்தா என்பது ஜப்பானின் கியூஷு தீவில், சாகா மாநிலத்தில் உள்ள ஊர். கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்களில் ஒருவரான யி சாம்-பியோங் அங்குள்ள இசுமியாமா மலையில் பீங்கானுக்கு ஏற்ற கல்லைக் கண்டறிந்தார் என்றும், 1616-இல் ஜப்பானின் முதல் பீங்கான் அங்கே சுடப்பட்டது என்றும் ஊர் வழக்கு சொல்கிறது. ஆம், அது களிமண் அன்று, கல். அதைப் பொடித்து நீரில் அலசித்தான் பிசைமண் செய்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி இப்பாத்திரங்களை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றது. அருகிலிருந்த இமாரி துறைமுகத்தின் வழியாகச் சென்றதால் அவற்றுக்கு ‘இமாரி’ என்ற பெயரும் நிலைத்தது.

நீங்கள் கண்ட வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல, வேலை நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெள்ளைப் பாத்திரத்தில் நீலத்தால் எழுதும் இந்த முறைக்கு ‘சொமெட்சுகே’ என்று பெயர். முதல் சூட்டில் இறுகிய, இன்னும் மெருகு (சுட்டபின் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசாத பாத்திரத்தின் மேல் ‘கோசு’ எனப்படும் கோபால்ட் கலந்த மையால் கோடு இழுக்கிறார்கள். அந்த நிலையில் பாத்திரம் உலர்ந்த செங்கல்லைப்போல ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்வதால், தூரிகை ஒரு கணம் தயங்கினாலும் அந்த இடம் அடர்ந்துவிடும். எழுதியதை அழித்துத் திருத்தவும் வழியில்லை. கோடுகளுக்கு நடுவே நீலம் நிரப்புவது தனி வேலை. நீர்த்த மையை ஏராளமாக உறிஞ்சிய பருத்த தூரிகையைப் பிடித்து, மைத்துளியைக் கோட்டைத் தாண்டவிடாமல் நடத்திச் செல்ல வேண்டும். எழுதும்போது இந்த மை கருஞ்சாம்பல் நிறத்திலேயே இருக்கும். மெருகு பூசி, உயிர்வளி குறைந்த சூளையில் ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்ட பிறகுதான் நீலம் வெளிப்படும். எழுதுகிறவர் தாம் எழுதிய நிறத்தைக் காண்பதே சூளை திறக்கும் நாளில்தான். எழுதிய கை, மையின் கனம், சூளையில் பாத்திரம் இருந்த இடம் ஆகிய மூன்றும் கூடி ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு நீலத்தைத் தருகின்றன. அதனால்தான் இந்த வேறுபாட்டைப் பழுது என்று எங்களால் சொல்ல இயலவில்லை.

அத்தொகுதியில் உள்ள ஓவியம் ‘தகோ கரகுசா’, அதாவது எண்காலிக் (ஆக்டோபஸ்) கொடி. சுருண்டோடும் கொடியின் இலைகள் எண்காலியின் கைகளில் உள்ள உறிஞ்சுகுமிழ்களைப்போல் வரிசையாக நிற்பதால் அப்பெயர். முற்காலத்தில் ஒவ்வோர் இலைக்கும் விளிம்பு எழுதி உள்ளே நீலம் நிரப்பினார்கள். ஜப்பானின் ‘எதோ’ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில் ஒரே இழுப்பில் எழுதும் பழக்கம் பரவியது. உங்களிடம் உள்ளவை இரண்டாம் வகை. எங்களிடம் உள்ள மற்றத் தட்டுகளில், அடுக்கடுக்கான அரைவட்டங்கள் ‘செய்கைஹா’ என்னும் கடலலை. ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள் பௌத்தத்தின் ஏழு செல்வங்களைக் குறிக்கும் ‘ஷிப்போ’. விண்மீன் போன்றது ‘அசனோஹா’ என்னும் சணல் இலை. சணல் நேராகவும் விரைவாகவும் வளர்வதால் குழந்தைகளின் உடைகளிலும் இந்தக் கோலத்தை இட்டார்கள். தொகுதி ஐந்தாக இருப்பதற்கும் காரணம் உண்டு: ஜப்பானிய மொழியில் நான்கு என்பதும் சாவு என்பதும் ‘ஷி’ என்றே ஒலிப்பதால், அங்கே நான்கைத் தவிர்ப்பது வழக்கம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் அலைத் தட்டுகள் கையால் எழுதப்பட்டவை அல்ல. தாளில் அச்சிட்ட ஓவியத்தைப் பாத்திரத்தில் ஒட்டிச் சுட்டவை. இதுவும் மெய்ஜி காலத்திலிருந்தே (1868–1912) அங்கே பரவிய முறைதான். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் விலைச்சீட்டில் நாங்கள் அதைக் குறிப்பிடவில்லை. விளிம்பை உற்றுப் பார்த்தால் ஓவியத்தின் இரு முனைகள் சேரும் ஒட்டு தெரியும்; நீலமும் எங்கும் ஒரே சீராக இருக்கும். இனி ஒவ்வொரு பொருளிலும் ‘கையால் எழுதியது’ அல்லது ‘அச்சு’ என்று தெளிவாக எழுதியிருப்போம்.

பயன்பாடு பற்றிச் சுருக்கமாக: நீலம் மெருகுக்கு அடியில் இருப்பதால் தேய்க்கும்போது போகாது; பீங்கானில் மஞ்சள் கறையும் ஊறாது. மெருகுக்கு மேல் இட்ட சிவப்பும் பொன்னும் தேயக்கூடியவை. பொன் இட்டவற்றை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்க வேண்டாம். அடிவளையம் சொரசொரப்பாக இருப்பது, சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளாதிருக்க அங்கே மெருகைத் துடைத்துவிடுவதால்.

கையால் எழுதியது என்று எண்ணி அலைத் தட்டு வாங்கியவர்கள், எப்போது வாங்கியிருந்தாலும், திருப்பித் தந்து முழுத் தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். கிண்ணத் தொகுதியின் நீலம் மனத்துக்கு ஒவ்வாதவர்களுக்கும் இதுவே பொருந்தும். நேரில் வந்தால், இருப்பில் உள்ள கிண்ணங்களை எல்லாம் மேசையில் பரப்பி வைக்கிறோம். உங்களுக்குப் பிடித்த ஐந்தை நீங்களே தெரிந்தெடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கடை நிர்வாகத்தார்