அக்னி-6 உண்மையா இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க: பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் நாகப்பட்டினம் பக்கம் கடக்கரை ஊர்க்காரன். வேலைக்காக ஒடிசா பாலசோருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. இங்க இருக்குற சண்டிப்பூர் ஏவுகணைச் சோதனைத் தளத்தைப் பத்தியோ அதைச் சுத்தி இருக்குற ஊர்களைப் பத்தியோ நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க ஒண்ணும் இல்ல. நான் கேக்க வந்தது ஒரே ஒரு கேள்வி. இப்ப இருக்குற அக்னி-5 போற அஞ்சாயிரம் கிலோமீட்டரைத் தாண்டி எட்டாயிரம், பத்தாயிரம் போற அக்னி-6னு ஒரு ஏவுகணை வருதுன்னு இத்தனை வருஷமா பேச்சு ஓடுதே, அது உண்மையா இல்லையா?

போன வாரம் எங்க வீட்டுக்கு மீன் கொண்டு வர்ற மௌசி (இங்க வயசான பொம்பளைங்கள அப்படித்தான் கூப்பிடுவோம், சித்தி மாதிரி) கூடையை இறக்கி வச்சுட்டு அவங்க பேத்தி போன்ல வந்த ஒரு வீடியோவைக் காட்டினாங்க. பெரிய பெரிய எழுத்துல பத்தாயிரம் கிலோமீட்டர்னு போட்டு ஒரு ஏவுகணை நெருப்பு கக்கிட்டு மேல போகுது. பாத்துட்டு என்கிட்ட கேட்டாங்க, "பாபு, இவ்ளோ பெருசு வந்துச்சுன்னா எங்க ஊரு இருக்குமா?" எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நான் யாரு அதுக்குப் பதில் சொல்ல, பதில் உங்ககிட்ட இல்ல இருக்கு.

அவங்க பயம் ஒண்ணும் சும்மா வந்ததில்ல. அவங்க ஊரு ஏவுதளத்துக்கு ரொம்பப் பக்கம். சில சோதனைகளுக்கு முன்னாடி மைக் கட்டின வண்டி வரும், விடியக்காலையில வீட்டை விட்டு வெளியேறணும். 2024 ஜூலை 24ஆம் தேதி சோதனைக்கு மட்டும் பத்து கிராமத்துல இருந்து பத்தாயிரம் பேருக்கு மேல வெளியேத்தினாங்க, அது பேப்பர்லயே வந்தது. ஒரு தடவை அப்படி வெளியேத்தினவங்களைத் தங்க வச்சிருந்த முகாமுக்கே மௌசியைப் பாக்கப் போயிருந்தேன். பள்ளிக்கூட வராண்டாவுல ரெண்டு ஆட்டையும் தூண்ல கட்டிப் போட்டுட்டு, முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. முந்தின நாள் காயப்போட்ட கருவாடு அப்படியே மணல்ல கிடக்குது, அள்ள நேரம் இல்ல, வானம் வேற இருட்டிக்கிட்டு வருது. அவங்க ஏவுகணையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, வானத்தையே பாத்துட்டு இருந்தாங்க. மதியம் மழை பெஞ்சுது. சாயங்காலம் திரும்பிப் போனப்ப பாதி கருவாடு ஊறி நாறிப் போச்சு, மீதியை நாய் இழுத்துட்டுப் போயிருந்துச்சு. ஒரு நாள் கூலிக்குன்னு ஏதோ ஒரு தொகை குடுப்பாங்க சரி, ஆனா அந்தக் கருவாடு அவங்களுக்கு ஒரு வார வருமானம்ங்க. அதை எந்த ஃபார்ம்ல எழுதுறது?

நான் ஏவுகணையே வேணாம்னு சொல்றவன் இல்ல, அதைத் தெளிவா சொல்லிடறேன். 2012 ஏப்ரல் 19ஆம் தேதி அக்னி-5 முதல் தடவை பறந்தப்ப நானும் பெருமைப்பட்டேன். அது கிளம்பின ஒடிசா கடலோர வீலர் தீவுக்கு அப்புறமா கலாம் ஐயா பேரை வச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு. எத்தனை டன், என்ன எரிபொருள், எங்க வச்சிருக்கீங்கன்னு எதையும் கேக்கல, அதெல்லாம் ரகசியமாவே இருக்கட்டும். ஆனா இருக்கா இல்லையாங்கறதே ரகசியமா? 2013லயே அப்ப ஏவுகணை செய்யற அரசு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவோட தலைவரா இருந்த சரஸ்வத் அக்னி-6 பத்தி வெளிப்படையா பேசினார். அக்னி-5க்கு நீங்க அஞ்சாயிரம் கிலோமீட்டர்னு சொன்னா சீனக்காரங்க அது எட்டாயிரம் போகும்னாங்க. எங்க மாதிரி ஜனங்களுக்குத் தெளிவா எதுவும் தெரியாததால யார் யாரோ வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லிட்டுத் திரியறாங்க, கேக்குறவங்க அதை நம்புறாங்க. 2003 ஜனவரியில அணு ஆயுதக் கொள்கையையே சுருக்கமா வெளியிட்டீங்களே, முதல்ல நாங்க பயன்படுத்த மாட்டோம்னு உலகத்துக்கே சொன்னீங்களே, அதனால நாட்டுக்கு என்ன கெட்டுப் போச்சு?

இன்னொண்ணு என் மனசை ரொம்ப நாளா அறுக்குது. 2005ல பாகிஸ்தானோட ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கோம், பாலிஸ்டிக் ஏவுகணை சோதனைன்னா குறைஞ்சது மூணு நாள் முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் சொல்லிடணும். நல்ல ஒப்பந்தம், அது இருக்கணும். ஆனா மௌசிக்கு முந்தின நாள் சாயங்காலம் தான் தெரியுது! மூணு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா அவங்க கருவாடே போட்டிருக்க மாட்டாங்க. அந்தக் கலாம் தீவுப் பக்கம் ஆமை முட்டையிடுற காலம்னு ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் சோதனையை நிறுத்தி வைக்கறதா 2022 கடைசியில முடிவெடுத்தாங்க, அதுல எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதே அக்கறையில கொஞ்சம் இந்தக் கரையில இருக்குற மனுஷங்க மேலயும் வைக்கக்கூடாதா?

பலியாபால் உங்களுக்கு மறந்திருக்காது. எண்பதுகள்ல இதே பாலசோர் மாவட்டத்துல பெரிய சோதனைத் தளம் கட்டப் போறோம்னு நிலத்தைக் கேட்டப்ப, வெத்தலைக் கொடிக்காலும் முந்திரியும் வச்சிருந்த ஜனங்க ரோட்டை மறிச்சு, அதிகாரிங்க வண்டி வந்தா சங்கு ஊதி தாம்பாளம் தட்டி ஊரையே கூட்டினாங்க. கடைசியில தளம் அங்க வரவே இல்ல. அன்னைக்குக் கைக்குழந்தையா இருந்தவங்களுக்கு இப்ப நாப்பது வயசு, அவங்க அம்மா அப்பா சொன்னதெல்லாம் அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. இந்த மண்ணுல வதந்தின்னா சும்மா ஒரு செய்தி இல்லைங்க, வீடு போகுமா இருக்குமாங்கற கேள்வி. புது ஏவுகணைக்கு இன்னும் நிலம் எடுப்பாங்கன்னு டீக்கடையில ஒருத்தர் சொன்னா அன்னைக்கு ராத்திரி பத்து வீட்டுல தூக்கம் இருக்காது.

கொஞ்சம் கோவமா எழுதிட்டேன்னா மன்னிச்சுக்கோங்க. ஆனா கேள்வி மாறல. நீண்ட தூர ஏவுகணை செய்யறீங்களா இல்லையா? ஆமான்னா நாடாளுமன்றத்துல ஒரு வரி சொல்லுங்க, அதுக்காக இந்தப் பத்து கிராமத்துக்கு மேல இன்னொரு ஊரைத் தொடுவீங்களா மாட்டீங்களான்னு எழுத்துல குடுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க, அந்த வீடியோக்களுக்கு அன்னைக்கோட முடிவு வந்துடும். எதுவா இருந்தாலும் சோதனைக்கு ஆளை வெளியேத்தறதை மூணு நாள் முன்னாடி சொல்லுங்க.

பதிலை தயவுசெஞ்சு ஒடியாவுல எழுதி அந்தந்த ஊர் பஞ்சாயத்து சுவத்துல ஒட்டச் சொல்லுங்க. மௌசிக்குப் படிக்கத் தெரியாது, பேத்தி படிச்சுக் காட்டுவா.

இப்படிக்கு,
பாலசோர்ல இருந்து ஒரு நாகப்பட்டினத்துக்காரன்