ஒரு ஆல்பம்தான் போட்டார்கள்

ரென்டன், வாஷிங்டன்

அன்புள்ள செல்வம்,

உன் மெயில் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. சீரியல் பார்க்காதீர்கள் என்று நீ சொல்லி அவர் கேட்கப் போவதில்லை, அதனால் அதில் சண்டை போடாதே. இங்கே வழக்கம்போல மழை. ஆபீஸில் ஆள் குறைப்புப் பேச்சு ஓடுகிறது, இதுவரை என் தலைக்கு வரவில்லை.

கதிர் விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி முழுக்க லேப்டாப்பில் ஏதோ தாளம் போடுகிறான், அதைப் பெங்களூரில் இருக்கும் ஒரு பையனுக்கு அனுப்புகிறான், அவன் மேலே பாடித் திருப்பி அனுப்புகிறான், இதெல்லாம் ஒரு பாட்டா என்று கேட்டிருந்தாய். நீ இப்படிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். நமக்கெல்லாம் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் பத்துப் பேர் ஒரே மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் கதிர் செய்வதையே இரண்டு பேர் தபாலில் செய்து, பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றார்கள். அவர்களில் ஒருவர் நான் இருக்கும் இந்த சியாட்டில் பக்கத்து ஆள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பெயர் த போஸ்டல் சர்வீஸ். லாஸ் ஏஞ்சலஸில் ஜிம்மி டாம்பரெல்லோ, தனியாக எலக்ட்ரானிக் இசை செய்துகொண்டிருந்தவர். சியாட்டிலில் பென் கிப்பார்ட், டெத் கேப் ஃபார் க்யூட்டி என்ற கிடார் குழுவின் பாடகர். 2001இல் வந்த ஜிம்மியின் ஆல்பத்தில் பென் ஒரு பாட்டுப் பாடினார். அது இருவருக்கும் பிடித்துப்போகவே, ஜிம்மி இசையைப் பதிந்து தபாலில் அனுப்ப, பென் அதை வெட்டி ஒட்டி, வரி எழுதி, குரலும் கிடாரும் சேர்த்துத் திருப்பி அனுப்ப, இப்படியே ஓர் ஆல்பம் சேர்ந்துவிட்டது. குழுவின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். 2003 பிப்ரவரியில் சப் பாப் கம்பெனி வெளியிட்டது. தலைப்பு 'கிவ் அப்'. பத்துப் பாட்டு, முக்கால் மணி நேரம். அதற்கு அப்புறம் அவர்கள் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் போடவே இல்லை.

கதிருக்கு முதலில் 'சச் கிரேட் ஹைட்ஸ்' போட்டுக் காட்டு. ஹெட்போனில் கேட்கச் சொல், லேப்டாப் ஸ்பீக்கரில் வேண்டாம். ஆரம்பத்தில் சின்னச் சின்ன பீப் சத்தம் இடது காதுக்கும் வலது காதுக்கும் மாறி மாறித் தாவும். கொஞ்ச நேரம் அது மட்டும்தான். பிறகு தாளம் உள்ளே வரும், அதன்மேல் பென்னின் குரல். அவர் எங்கேயும் முக்கிப் பாடுவதில்லை, பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுகிற அளவுதான். மெஷின் அவ்வளவு பரபரப்பாக ஓடும்போது மனுஷன் நிதானமாக இருக்கிறார் பார், எனக்கு அந்த ஆல்பத்தில் பிடித்ததே அதுதான். ஒரே அறையில் உட்கார்ந்து செய்திருந்தால் ஒருவர் வேகத்துக்கு மற்றவர் இறங்கி வந்திருப்பார் என்று நினைக்கிறேன். இங்கே அவரவர் இடத்தில் அவரவர் விருப்பப்படி செய்து, பிறகு பொருத்தியிருக்கிறார்கள். அந்த இடைவெளி காதில் விழுகிறது.

முதல் பாட்டு 'த டிஸ்ட்ரிக்ட் ஸ்லீப்ஸ் அலோன் டுநைட்'டும் அப்படித்தான். மெதுவாக, கிட்டத்தட்ட சர்ச் ஆர்கன் மாதிரி தொடங்கி, பாதிக்கு மேல் தாளம் பிய்த்துக்கொண்டு போகும். 'நத்திங் பெட்டர்' ஒரு தகராறு. பிரிந்து போகாதே என்று அவன் கெஞ்ச, அவள் பதிலுக்குக் கணக்கு வழக்கோடு வந்து நிற்கிறாள். நம் படங்களில் இந்த மாதிரி டூயட் வருவதில்லை. அதில் பாடுவது ஜென்னி லூயிஸ் என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஜென்னி வேறு பாட்டுகளில் இருக்கிறார், மேடையிலும் இதை அவர்தான் பாடுவார், ஆனால் ஆல்பத்தில் இந்தப் பாட்டில் இருப்பது ஜென் வுட். 'வீ வில் பிகம் சில்லவெட்ஸ்' அணுகுண்டு விழுந்த பிறகு நடப்பது, மெட்டு என்னவோ பள்ளிக்கூட ஆண்டுவிழா மாதிரி குஷியாக இருக்கும். 'திஸ் பிளேஸ் இஸ் எ பிரிசன்' எனக்கு இழுவை, நான் தாண்டிவிடுவேன். கடைசிப் பாட்டில் குரல் வருவதற்குள் பாட்டே முடியப் போகும். கதிருக்கு அது பிடிக்கலாம், உனக்குப் பிடிக்காது.

மற்றதெல்லாம் சில்லறைதான். சிங்கிள்களின் (ஒரு பாட்டைத் தனியாக விற்கும் சின்ன வெளியீடு) பின்பக்கத்தில் வந்தவற்றில் 'பீ ஸ்டில் மை ஹார்ட்' ஒன்றைத் தேடிக் கேட்கலாம். 2004இல் ஒரு படத்துக்காகப் பழைய பாப் பாடகர் ஃபில் காலின்ஸின் பாட்டு ஒன்றைத் திரும்பப் பாடினார்கள், பாடாவிட்டாலும் குறைந்துபோயிருக்காது. 2013இல் பத்தாண்டுப் பதிப்பில் இரண்டு புதுப் பாட்டு வந்தது. அதில் 'எ டாட்டர்ட் லைன் ஆஃப் ஸ்ட்ரிங்' நன்றாகவே இருக்கிறது. அந்த வருஷமே ஊர் ஊராகப் போய் வாசித்துவிட்டு, ஆகஸ்டில் சிகாகோவோடு முடித்துக்கொண்டார்கள். அந்தப் பயணத்தில் பெர்க்லியில் வாசித்தது 2020இல் லைவ் ஆல்பமாக வந்தது. 2023இல் இருபதாவது வருஷத்துக்கு மறுபடி சேர்ந்தார்கள். பென் ஒரே ராத்திரியில் இரண்டு குழுவிலும் பாடினார், 2003இலேயே வந்த டெத் கேப் ஆல்பம் ஒன்று முழுசாக, பிறகு இது முழுசாக. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு நான் போகவில்லை.

ஒரு கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. பெயர் எங்களுடையது, நிறுத்துங்கள் என்று அமெரிக்கத் தபால் துறை 2003இல் இவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஒன்றிரண்டு பேர் வாங்குகிற சின்னக் குழு, பயந்து பெயரை மாற்றியிருக்கலாம். ஆனால் பேசி முடித்தார்கள். பெயரை வைத்துக்கொள்ளலாம், பதிலுக்குத் தபாலுக்கு விளம்பரம் செய்ய வேண்டும். துறை தன் இணையதளத்திலேயே சிடியை விற்றது, அதிகாரிகள் மாநாட்டில் இவர்களைக் கூப்பிட்டு வாசிக்கவும் வைத்தது. கோட்டு சூட்டோடு தபால் அதிகாரிகள் இந்தப் பாட்டைக் கேட்டு உட்கார்ந்திருந்ததை யோசித்துப் பார். அப்புறம் அதே 'சச் கிரேட் ஹைட்ஸ்' தபால் துறைக்குப் போட்டியான யூ.பி.எஸ். கூரியர் விளம்பரத்தில் வந்தது. யார் என்ன சொன்னார்களோ!

சப் பாப்பில் நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு அடுத்தபடியாக அதிகம் விற்றது இதுதான். ஆனால் ஒரே நாளில் விற்கவில்லை. வந்த புதிதில் பெரிதாகப் பட்டியலில் ஏறவும் இல்லை. படத்திலும் விளம்பரத்திலும் காதில் விழுந்து, ஒருவர் சொல்லி ஒருவர் வாங்கி, பிளாட்டினம், அதாவது பத்து லட்சம் பிரதிக்கான சான்று, கிடைத்தது 2012இல். அதுவரை இரண்டு பேரும் அவரவர் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஏன் இரண்டாவது ஆல்பம் போடவில்லை என்று இங்கே இன்னும் புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. தாண்டிவிடுகிற பாட்டு ஒன்றிரண்டு போக மிச்சம் எட்டு தேறுகிறதே, ஐந்து ஆல்பம் போட்டவர்களிலேயே எத்தனை பேருக்கு அது அமைகிறது?

அதனால் கதிரை வேலைக்குப் போ என்று தாராளமாகச் சொல், அது வேறு விஷயம். ராத்திரி செய்வதை மட்டும் நிறுத்தச் சொல்லாதே. அவன் முடித்த பாட்டு ஏதாவது இருந்தால் எனக்கு அனுப்பச் சொல், வாட்ஸ்அப்பில் வேண்டாம், சத்தம் நசுங்கிவிடும், டிரைவில் போடட்டும். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றுதான் சொல்வேன், இதையும் முன்கூட்டியே சொல்லி வை.

பொங்கலுக்கு வரலாமா என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லீவு கிடைத்தால் பத்து நாள் தஞ்சாவூர்தான். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அம்மாவுக்கு இங்கிருந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டு எழுது.

உன்,
முரளி