அலையின் உயரம் மட்டும் போதாது

மதிப்புக்குரிய மாவட்ட நிர்வாகத்தினருக்கும் மீன்வளத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம். நெல்லை மாவட்டத்துக் கடலோர ஊரான உவரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு பைபர் வள்ளம் உண்டு. அலைச்சறுக்குப் பழகும் ஊர்ப் பிள்ளைகளோடு விடுமுறையில் மணப்பாட்டுக்குப் போய்வரும் வழக்கமும் எனக்கு உண்டு. வள்ளத்துக்காரர் அஞ்சுகிற அலையும் பலகைக்காரர் தேடுகிற அலையும் ஒன்றே என்பதை அங்கேதான் அறிந்துகொண்டேன்.

2024 மே முதல் வாரத்தில் காற்றே இல்லாமல் கடல் எண்ணெய்போலக் கிடந்தது. அலை ஒன்றரை மீட்டர் வரை எழலாம் என்று கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஆனி, ஆடியில் வீசும் கச்சான் என்ற மேற்குக் காற்றில் அதைவிடப் பெரிய அலையை முறித்துக்கொண்டு தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்றரை மீட்டர் ஒரு பொருட்டாகுமா? வள்ளங்களை வழக்கமான இடத்திலேயே விட்டுவைத்தோம். இரவில் கடல் மேட்டுக்கு ஏறி வலைகளை வாரிக்கொண்டது. எங்கள் வள்ளம் பக்கத்து வள்ளத்தில் மோதி அணியம் (முன்பகுதி) உடைந்தது. எங்கள் நட்டம் சிறிது. கள்ளக்கடல் (உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் திடீரெனக் கரையேறும் கடல்) எச்சரிக்கை பரவலாகப் பேசப்பட்ட அதே நாட்களில், மே 6 அன்று, குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி மாண்டார்கள்.

கைப்பேசிக்கு வந்த அந்தச் செய்தியில் விடுபட்டது அலையின் இடைவெளி, அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே செல்லும் நொடிகள். இங்கே அடிக்கும் காற்று எழுப்பும் அலைக்கு அந்த இடைவெளி ஏழெட்டு நொடிதான். ஆழ்கடலில் அதன் நீளம் நூறு மீட்டரையும் எட்டாது. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென் பெருங்கடலின் புயல்களில் பிறந்து பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, நான்கைந்து நாளில் நம் கரையைத் தொடும் அலைக்கோ 18 நொடி வரை இடைவெளி இருக்கும். அதன் நீளம் ஏறத்தாழ 500 மீட்டர். ஒன்றரை மீட்டர் உயரமே ஆனாலும் அது சுமந்துவரும் நீரும் விசையும் வேறு. கிழக்கிலிருந்து வரும் அலையை இலங்கை ஓரளவு மறிக்கிறது. ஆனால் கூடுதாழையிலோ இடிந்தகரையிலோ நின்று தெற்கே பார்த்தால் அண்டார்க்டிகா வரை மறிக்கப் பெருநிலம் எதுவும் இல்லை. கள்ளனைப்போல் வருவதால் கள்ளக்கடல் என்று கடலோர மக்கள் வைத்த பெயரை 2012-இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. பெயர் உலகம் சுற்றி வந்துவிட்டது, விளக்கம் இன்னும் உவரிக்கு வரவில்லை.

இது வருங்காலத்தில் தணியும் என்று நம்பவும் இடமில்லை. 1985 முதல் 2018 வரையான செயற்கைக்கோள் அளவீடுகளை ஆராய்ந்தவர்கள், தென் பெருங்கடலின் மிகப் பெரிய அலைகள் அக்காலத்தில் ஏறத்தாழ 30 செ.மீ. உயர்ந்திருப்பதைக் கண்டார்கள். பருவத்தின் நாளும் நிலையாக இல்லை: கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை 2023-இல் ஜூன் 8-ஆம் தேதியும், 2024-இல் மே 30-ஆம் தேதியும், 2025-இல் மே 24-ஆம் தேதியும் தொடங்கியது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இறங்கி இராதாபுரம் காற்றாலைகளைச் சுழற்றும் கச்சான், கரையிலிருந்து சாய்வாகக் கடல் நோக்கி வீசுவதால் அலையின் முகத்தைச் சீராக்குகிறது. அது முந்தினால் பிள்ளைகளின் அலைப் பருவமும் வள்ளத்துக்காரரின் முடங்கல் நாட்களும் சேர்ந்தே முந்துகின்றன.

எல் நினோவும் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறுவது) இந்தியப் பெருங்கடல் இருமுனையும் (அக்கடலின் மேற்கும் கிழக்கும் வெவ்வேறு சூட்டில் இருப்பது) நமக்குத் தொலைவான சங்கதிகள் அல்ல. இரண்டும் கூடியிருந்த 2023-இன் டிசம்பரில்தான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. ஆனால் எல் நினோவுக்கு நேர்மாறாகப் பசிபிக் குளிரும் லா நினா ஆண்டான 2021-இலும் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கியதால், ஒற்றை விதியைக் காட்டி எங்களுக்கு ஆருடம் சொல்ல வேண்டாம். இந்தப் பருவத்தில் எது கூடும், எது குறையும், எது உறுதியில்லை என்று தமிழில் ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் அப்போதும் கடலில்தான் இருக்கின்றன. கள்ளக்கடலும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வருகிறது. ஆகவே ஒவ்வோர் எச்சரிக்கையிலும் அலையின் இடைவெளி, வரும் திசை, எங்கள் கரையைத் தொடும் நேரம், அப்போது கடல் ஏற்றமா வற்றமா (ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா) என்பது ஆகியவை இடம்பெற வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் கணிப்பில் இடைவெளியும் திசையும் இருக்கின்றன. ஊருக்கு வரும் வழியில்தான் அவை உதிர்ந்துபோகின்றன. செய்தியைக் கைப்பேசியோடு நிறுத்தாமல் கோயில் ஒலிபெருக்கியிலும் சொல்லச் செய்யுங்கள். குளிக்க வரும் வெளியூர்க்காரருக்கு உவரிக் கடற்கரையில் ஒரு சிவப்புக் கொடியும், அதை ஏற்றி இறக்க ஓர் ஆளும் வேண்டும். அடுத்த சித்திரைக்கு முன் இவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உவரி வள்ளத்துக்காரன் ஒருவன்