டாம் வில்சனை எப்போது அழைப்பீர்கள்?

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஏரிக்கரையில் இருக்கும் உங்கள் அருங்காட்சியகத்துக்குத் தமிழில் ஒரு மடல் வருவது விசித்திரமாகத் தோன்றலாம். நீங்கள் கொண்டாடும் பாட்டுகளை உலகம் முழுக்கக் கேட்கிறோம். குறை சொல்வதை மட்டும் ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லையே. படிக்கத் தெரிந்த யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

பாடகர் பாப் டிலனை 1988இல், ராக் இசையின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் உங்கள் மன்றத்தில் சேர்த்தீர்கள். பாடகர் ஜோடி சைமன் அண்ட் கார்ஃபங்கல் 1990இல் வந்தார்கள். அனிமல்ஸ் குழு 1994, ஃபிராங்க் ஸாப்பா 1995, வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு 1996. இந்த ஐந்து பேருக்கும் பொதுவான ஓர் ஆள் உண்டு. அறுபதுகளில் இவர்கள் பாடும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் தயாரிப்பாளராக உட்கார்ந்திருந்தவர். தாமஸ் பிளான்சார்ட் வில்சன், எல்லாருக்கும் டாம் வில்சன். 2025 வரையிலான உங்கள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டேன். அவர் பெயர் இல்லை.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது இசைக்கலைஞர் ஆல் கூப்பர் விவகாரம். 2023இல் அவருக்கு 'இசைச் சிறப்பு' பிரிவில் இடம் கொடுத்தீர்கள். நல்ல காரியம், தகுதியான மனிதர். ஆனால் அவர் எப்படிப் புகழ் பெற்றார்? 1965 ஜூன் 16, நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டுடியோ ஏ. டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டின் ஒலிப்பதிவு. கூப்பருக்கு அப்போது 21 வயது. வாசிக்க யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வேடிக்கை பார்க்க வரச் சொன்னவர் வில்சன். பையன் கிட்டாரோடு வந்து உட்கார்ந்தான், மைக் புளூம்ஃபீல்ட் வாசிப்பதைக் கேட்டான், சத்தமில்லாமல் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த பால் கிரிஃபின் பியானோவுக்கு மாறினார். வில்சனின் கவனம் திரும்பிய நேரம் பார்த்துக் கூப்பர் ஆர்கன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வாத்தியத்தில் அவருக்குப் பெரிய பழக்கமில்லை. மற்றவர்கள் எந்த ஸ்வரத்துக்குப் போகிறார்கள் என்று காது கொடுத்துவிட்டு, அரை நொடி பிந்தி கட்டையை அழுத்தியதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த அரை நொடித் தயக்கத்தைத்தான் இன்று உலகமே அந்தப் பாட்டின் அழகு என்கிறது.

வில்சன் திரும்பிப் பார்த்தபோது, அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டு எழுப்பிவிட்டிருக்கலாம். ஒலிப்பதிவு நேரம் காசு; அமர்வுக்கு அவரே பொறுப்பு; கூப்பர் அழையாத வாத்தியக்காரர். எழுப்பவில்லை, சிரித்துவிட்டு டேப்பை ஓடவிட்டார். ஆர்கன் சத்தத்தைக் கூட்டச் சொன்னவர் டிலன், அந்தப் பெருமை அவருக்கே. ஆனால் கூட்டுவதற்கு அங்கே ஒரு சத்தம் இருந்ததற்கு வில்சன் காரணம். விருந்தாளியாக வந்தவர் உங்கள் மன்றத்தில் இருக்கிறார், அழைத்தவர் வெளியே நிற்கிறார்.

சரி, வில்சன் யார் என்று கொஞ்சம் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியும், இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக.

1931இல் டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ ஊரில் பிறந்த கறுப்பின இளைஞர். நாஷ்வில்லில் ஃபிஸ்க் பல்கலைக்கழகம், அப்புறம் ஹார்வர்டு, 1954இல் பட்டம். அங்கே மாணவர் வானொலியிலும் ஜாஸ் சங்கத்திலும்தான் பொழுது போனது. படிப்பு முடிந்த மறு வருடமே கடன் வாங்கி 'ட்ரான்சிஷன்' என்று ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். சின்னது என்றால் நிஜமாகவே சின்னது, சில வருடங்களில் மூடிவிட்டார்கள். ஆனால் அந்த அற்ப ஆயுளில் அது செய்ததைப் பாருங்கள்: பியானோ கலைஞர் செசில் டெய்லரின் முதல் ஆல்பம், ஜாஸ் கலைஞர் சன் ராவின் முதல் ஆல்பம். பெரிய நிறுவனங்கள் இந்த இருவர் பக்கம் தலைவைத்தும் படுக்காத காலம் அது. இருபத்தைந்து வயது ஆள், பிற்காலத்தில் உலகம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடப்போகும் இரண்டு பேரை முன்கூட்டியே காதால் அடையாளம் கண்டிருக்கிறார்.

1963இல் கொலம்பியாவில் சம்பளத் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். டிலனின் இரண்டாவது ஆல்பம் பாதியில் நின்றிருந்த நேரம். அதுவரை தயாரிப்பாளராக இருந்த ஜான் ஹேமண்ட் இடத்தில் இவரை உட்காரவைத்தார்கள். ஏப்ரல் 24 அன்று நடந்த ஒரே அமர்வில் 'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்', 'கேர்ள் ஃப்ரம் த நார்த் கன்ட்ரி' இரண்டும் பதிவாயின. வில்சனுக்கு நாட்டுப்புற இசை மேல் மரியாதையே கிடையாது. ஜாஸ் கேட்டு வளர்ந்தவருக்கு அது விவரமில்லாதவர்கள் வாசிக்கும் சங்கதியாகத் தெரிந்தது. டிலன் வாசித்ததும் அப்படித்தான் பட்டது, ஆனால் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் தன்னைத் திகைக்க வைத்துவிட்டன என்று பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார். தனக்குப் பிடிக்காத வகை இசையிலும் ஆளின் தரத்தைக் கண்டுகொள்கிற காது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

டிலனுக்குப் பின்னால் ஒரு மின்னிசைக் குழு வேண்டும் என்ற யோசனை அவர் மனதில் ஊறிக்கொண்டே இருந்தது. 1964 டிசம்பரில், டிலனின் முதல் ஆல்பத்திலிருந்த 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' பதிவின் மேல் மின்கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஏற்றிச் சோதித்துப் பார்த்தார். அடுத்த மாதம், 1965 ஜனவரியில், மூன்று நாளில் 'பிரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்' முடிந்தது. ஒரு பக்கம் குழுவோடு, மறுபக்கம் பெரும்பாலும் தனிக் கிட்டாரோடு. அதில் '115வது கனவு' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். டிலன் தனியாக ஆரம்பிக்கிறார், குழு உள்ளே வரத் தவறுகிறது, டிலனுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பின்னால் இன்னொருவர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். அது வில்சன். சிரித்து முடித்து மறுபடி தொடங்குகிறார்கள். வேறு எந்தத் தயாரிப்பாளரும் அந்தச் சில நொடிகளைக் கத்தரித்துக் குப்பையில் போட்டிருப்பார். அது தட்டிலேயே இருக்கிறது, அறுபது வருடமாக.

அடுத்து 'சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்'. இது கொஞ்சம் சங்கடமான கதை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சைமன், கார்ஃபங்கல் இருவரின் முதல் ஆல்பத்தை 1964இல் தயாரித்தவர் வில்சன்தான். அது விற்கவில்லை. சைமன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார், கார்ஃபங்கல் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார், ஜோடி கிட்டத்தட்ட முடிந்த கதை. பாஸ்டனிலும் ஃபுளோரிடாவிலும் கல்லூரி மாணவர்கள் அந்த ஒரு பாட்டை மட்டும் வானொலியில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்ற தகவல் வந்தது. 1965 கோடையில் வில்சன் சில செஷன் கலைஞர்களைக் கூட்டி, பழைய பதிவின் மேல் மின்கிட்டார், பேஸ், டிரம்ஸ் சேர்த்தார். பாடியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேகம் மாறாமல் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவி வைத்துப் பதிவு செய்யாத பாட்டு, அதனால் இரண்டு குரல்களும் தங்கள் இஷ்டத்துக்கு வேகம் கூட்டிக் குறைக்கின்றன. டிரம்மர் அவர்கள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஓரிடத்தில் தாளம் சற்றே தயங்கிக் குரல்களுக்காகக் காத்திருப்பது நன்றாகவே கேட்கும். முதல்முறை கேட்டபோது சைமனுக்கு அந்த இடம்தான் பெரிய அதிர்ச்சியாக இருந்தது என்று அவரோடு லண்டனில் தங்கியிருந்த பாடகர் ஆல் ஸ்டூவர்ட் சொல்லியிருக்கிறார்.

பாட்டு 1966 புத்தாண்டு நாளில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஜோடி மறுபடி சேர்ந்தது. கேட்காமல் செய்தது சரியா என்றால், என்னைக் கேட்டால் சரியில்லை. பாடியவர்களுக்கு ஒரு கடிதமாவது போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் காரியம் நடக்காமல் போயிருந்தால் நீங்கள் 1990இல் மேடையேற்ற ஒரு ஜோடி இருந்திருக்குமா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

'லைக் எ ரோலிங் ஸ்டோன்' வெளியான சில நாட்களிலேயே டிலனின் அடுத்த அமர்வுக்கு வேறு தயாரிப்பாளர் வந்துவிட்டார். வில்சன் எம்ஜிஎம் நிறுவனத்தின் வெர்வ் பிரிவுக்குப் போனார். சரித்திரம் எழுதுகிறவர்கள் பலர் அவரை இங்கேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியதே இதற்கப்புறம் நடந்தவற்றால்தான்.

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கிளப்பில் ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு ஸாப்பாவின் குழுவை ஒப்பந்தம் செய்தார். வெள்ளைக்காரப் பையன்கள் புளூஸ் வாசிக்கும் இன்னொரு குழு என்று நினைத்துவிட்டார். ஸ்டுடியோவுக்குப் போனதும் முதல் பாட்டு சாதாரணமாக இருந்தது. அடுத்து 'ஹூ ஆர் த பிரெய்ன் போலீஸ்?' தொடங்கியதும் வில்சன் ஃபோனை எடுத்து நியூயார்க்கைக் கூப்பிட்டு, தான் என்ன செய்திருக்கிறேன் என்று விளக்கத் திணறியதாக ஸாப்பா வேடிக்கையாகச் சொல்வார். நான் கவனிப்பது அதற்கடுத்த பகுதியை. வில்சன் அமர்வை நிறுத்தவில்லை. செலவு ஏறிக்கொண்டே போனது. நள்ளிரவில் ஒரு கூட்டத்தை ஸ்டுடியோவுக்குள் அழைத்து, வாடகைத் தாள வாத்தியங்களைக் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார் ஸாப்பா. முதல் ஆல்பம் போடும் பெயர் தெரியாத குழுவுக்கு இரட்டைத் தட்டு! 1966இல் 'ஃப்ரீக் அவுட்!' வெளிவந்தது. தன் வேலையைப் பணயம் வைத்து வில்சன் தனக்காக நின்றார் என்று, யாரையும் லேசில் பாராட்டாத ஸாப்பாவே ஒப்புக்கொண்டார்.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் கதையும் அதே தினுசு. கொலம்பியா உட்பட நிறுவனங்கள் நிராகரித்த குழு. வெர்வுக்கு அவர்களைக் கொண்டுவந்தவர் வில்சன். 'ஹெராயின்' உட்படச் சில பாட்டுகள் ஹாலிவுட்டில் மறுபடி பதிவாயின. தனிப்பாட்டாக விற்க ஒன்று வேண்டும் என்று 'சண்டே மார்னிங்'கைத் தயாரித்தார். 1967இல் ஆல்பம் வந்தபோது தயாரிப்பாளர் என்று போட்ட பெயர் ஓவியர் ஆண்டி வார்ஹோல். ஆல்பத்தின் அட்டைக்கு வாழைப்பழப் படம் வரைந்தவர், பணமும் பெயரும் தந்தவர், அவரைக் குறைசொல்லவில்லை. ஒலிக்கலவைப் பலகைப் பக்கம் அவர் போனதாகத்தான் யாரும் சொல்வதில்லை. அடுத்த ஆல்பமான 'ஒயிட் லைட்/ஒயிட் ஹீட்'டையும் வில்சனே தயாரித்தார். அதில் பதினேழு நிமிட 'சிஸ்டர் ரே'யை ஒரே மூச்சில் பதிவு செய்து அப்படியே வெளியிட விட்டார். வில்சனைப் போல ஒரு தயாரிப்பாளர் அப்புறம் தங்களுக்குக் கிடைக்கவே இல்லை என்று அந்தக் குழுவின் ஜான் கேல் சொல்லியிருக்கிறார். இடையில் அனிமல்ஸ், தென்னாப்பிரிக்காவின் ஹியூ மசகேலா, சாஃப்ட் மெஷின் குழுவின் முதல் ஆல்பம், வெல்வெட் அண்டர்கிரவுண்டோடு பாடிய நிக்கோவின் தனி ஆல்பம். ஒரே ஆள், மூன்று நான்கு வருடத்துக்குள்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. வில்சனுக்கென்று ஒரு தனி ஒலி இல்லை, அதுதானே? தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் தட்டு என்றால் நாலு நொடியில் தெரிந்துவிடும். மோடவுன் நிறுவனத்தின் பாட்டுக்கு அதன் நிறுவனர் பெர்ரி கோர்டியின் முத்திரை இருக்கும். சன் ரா, டிலன், ஸாப்பா, வெல்வெட் அண்டர்கிரவுண்டின் லூ ரீட் ஆகியோரை வரிசையாகப் போட்டுக் கேட்டால், ஒருவரே தயாரித்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. உண்மைதான். நல்ல பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் சாயல் பிள்ளையின் முகத்தில் இருக்காது. பாடகரின் ஒலியைப் பாடகருடையதாகவே வெளியே கொண்டுவருவது ஒரு திறமை. அதற்கு உங்கள் விருதுகளில் இடமில்லை என்றால் விதியை மாற்றுங்கள். பெயர்பெற்ற ஒலி உள்ளவர்களுக்கு மட்டும்தான் தயாரிப்பாளர் தகுதி என்று எங்கேயும் நீங்கள் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

அவர் ஸ்டுடியோவில் பாதி நேரம் ஃபோனில் பேசிக்கொண்டும் பெண்களைப் பார்த்துக்கொண்டும் இருந்தார் என்ற பேச்சும் உண்டு. இருக்கட்டும். 1989இல் நீங்கள் சேர்த்த ஸ்பெக்டர், 2009இல் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது. தட்டை மட்டும் வைத்து எடைபோடுகிறோம் என்பது உங்கள் நிலைப்பாடானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வில்சனையும் அதே தராசில் வையுங்கள்.

அவர் கறுப்பர் என்பதற்காக இரங்கி இடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. ஆனால் வெள்ளை இளைஞர்களின் கண்டுபிடிப்பாகச் சொல்லப்படும் ஃபோக்-ராக் (நாட்டுப்புறப் பாட்டும் ராக்கும் கலந்த இசை) பிறந்த அறையில், முடிவெடுக்கும் நாற்காலியில் ஒரு கறுப்பர் இருந்தார் என்பது உங்கள் அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

வில்சன் 1978இல், 47 வயதில், மாரடைப்பால் இறந்துபோனார். தன் கதையைப் புத்தகமாக எழுதவோ மேடை மேடையாகச் சொல்லவோ அவருக்கு வாழ்நாள் கிடைக்கவில்லை. அந்த வேலையை வேறு யாராவதுதான் செய்தாக வேண்டும்.

தொழில்துறையினருக்கென்றே அஹ்மத் எர்ட்டகன் பெயரில் ஒரு விருது வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பொதுவாக்கெடுப்பு கிடையாது. உங்கள் குழு கூடி முடிவெடுத்தால் போதும். அடுத்த பட்டியலுக்குக் கூடும்போது டாம் வில்சன் பெயரை மேசையில் வையுங்கள். மறுக்கிறீர்கள் என்றால் காரணத்தைப் பொதுவில் சொல்லுங்கள். சேர்த்துக்கொண்டால், அவரைப் பற்றி மேடையில் பேச அந்த அறைகளில் உடனிருந்தவர்களையே அழையுங்கள். மிச்சமிருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், எல்லாருக்கும் எண்பதைத் தாண்டிவிட்டது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய தட்டுகளின் பின்னட்டையை எழுத்து விடாமல் படிக்கும் ஒரு ரசிகன்