ஏர் ஆம்புலன்ஸ் கருவிகளுக்குச் சான்று: எல்லை மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவர்கள்,
புது டெல்லி.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். பதினான்கு ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இங்கே வைத்துப் பார்க்க முடியாத நோயாளிகளை மேற்கே கோட்டயத்துக்கோ கொச்சிக்கோ, கிழக்கே போடிமெட்டு இறங்கிக் கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ அனுப்பும்போது ஆம்புலன்ஸில் கூடப் போவதும் என் வேலைதான். எந்தப் பக்கம் போனாலும் மணிக்கணக்கில் மலைப்பாதை. ஏலக்காட்டு வேலைக்குத் தேனிப் பக்கத்திலிருந்து ஜீப்பில் வந்து போகும் பெண்கள் விபத்தில் சிக்கினாலும், லயத்தில் ஒருவருக்கு நள்ளிரவில் மாரடைப்பு வந்தாலும், அந்தப் பாதையைத்தான் நம்பியிருக்கிறோம்.

அதனால் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் ஊர்கள் காது கொடுத்துக் கேட்கின்றன. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கியவர்களுக்காக விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்ததைப் போடிக்காரர்கள் மறக்கவில்லை. 2020 மே மாதம் கேரள அரசு வாடகைக்கு எடுத்த ஹெலிகாப்டர் ஓர் இதயத்தைத் திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்குக் கொண்டு சேர்த்தது. ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் 2024 அக்டோபர் 29 அன்று ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கப்பட்டபோது, நம் மலைக்கும் இப்படி ஒன்று வராதா என்று எங்கள் கேன்டீனில் எல்லோரும் பேசிக்கொண்டோம். அது வரட்டும். வரும் நாளில் அதற்குள் எந்தெந்த மருத்துவக் கருவிகள் இருக்கும், அவை பறப்பதற்கு ஏற்றவை என்று யார் சோதித்துக் கையெழுத்திட்டிருப்பார்கள் என்பதைக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்த ஒரு தோட்டத் தொழிலாளியை மதுரைக்குக் கொண்டுபோனோம். அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் நார்அட்ரினலின் மருந்து, சிரிஞ்சிலிருந்து சிறிது சிறிதாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பம்ப்பை மாட்ட வண்டியில் இடமில்லாததால், ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியில் கட்டுத்துணியால் இறுக்கிக் கட்டியிருந்தோம். போடிமெட்டிலிருந்து இறங்கும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் கட்டு நழுவி, பம்ப் தரையை நோக்கிச் சரிந்து, மருந்துக் குழாயிலேயே தொங்கியது. பம்ப் திடீரென்று நோயாளியை விடக் கீழே போனால் மருந்து சற்று நேரம் உடலுக்குள் போகாது. உயரே தூக்கினால் ஒரேயடியாகக் கூடுதலாகப் போய்விடலாம். மானிட்டரில் அழுத்தம் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் பம்ப் விழுந்ததே எனக்குத் தெரிந்தது. அதன் எச்சரிக்கை ஒலி சைரன் சத்தத்தில் என் காதில் விழவில்லை. மதுரை வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் பிழைத்தார். அந்தப் பம்ப்பில் பழுது எதுவும் இல்லை. அசையாத வார்டில், கம்பத்தில் மாட்டி வைப்பதற்கென்று செய்யப்பட்ட நல்ல கருவி அது.

தரையிலேயே இப்படி என்றால் ஹெலிகாப்டரை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க விமான விதிகளில் சிறிய ஹெலிகாப்டர்களுக்கான 27ஆம் பகுதி, அவசரத் தரையிறக்கத்தின்போது உள்ளே இருப்பவர்களைக் காயப்படுத்தக்கூடிய எந்தப் பொருளும் முன்புறமாகப் புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு, கீழ்நோக்கி 20 மடங்கு விசை வந்தாலும் கழன்றுவிடாதபடி பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. இதயத்துக்கு மின்அதிர்ச்சி தரும், எட்டுக் கிலோ எடையுள்ள ஒரு டிஃபிப்ரிலேட்டர் அந்தக் கணத்தில் 128 கிலோவாக முன்னே பாயும். கட்டுத்துணியால் அதைப் பிடித்து வைக்க முடியாது.

காற்றழுத்தம் இன்னொரு சிக்கல். போடியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மூணாறு வந்து சேரும்போது பலூன் மாதிரி உப்பியிருப்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் மூச்சுக்குழாயில் செருகிய டியூபைச் சுற்றி இருக்கும் கஃப் என்ற சிறு காற்றுப் பையும் அப்படித்தான் உப்பும். அதற்குள் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் மூச்சுக்குழாயின் உட்சுவருக்கு ரத்த ஓட்டம் குறையும். அழுத்தம் சீராக்கப்பட்ட விமானங்களில்கூட உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதைப் போல ஆகலாம். அங்கே அடைபட்ட காற்று தரையில் இருந்ததை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். உயரத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளாத வென்டிலேட்டர், திரையில் ஓர் அளவைக் காட்டிக்கொண்டே நுரையீரலுக்கு வேறோர் அளவு காற்றைத் தரக்கூடும். திரையை நம்புவதைத் தவிர அங்கே இருக்கும் செவிலியருக்கு வேறு வழியில்லை.

அதிர்வும் அலைக்குறுக்கீடும் உண்டு. ஹெலிகாப்டரின் அதிர்வு ஈசிஜி கோட்டில் ஏறினால், இதயம் தாறுமாறாகத் துடிப்பதைப் போன்ற தோற்றம் வரலாம்; கைப்பட்டை வைத்து ரத்த அழுத்தம் அளக்கும் கருவி அளவே காட்டாமல் போகலாம். கருவியிலிருந்து கசியும் மின்காந்த அலை விமானியின் வானொலித் தொடர்பையும் வழிகாட்டும் கருவிகளையும் தொந்தரவு செய்யக்கூடும் என்பது உங்கள் பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இவற்றுக்கெல்லாம் சோதனை முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. விமானக் கருவிகளுக்கு வெப்பம், உயரம், அதிர்வு, அலைக்கசிவு என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும் டிஓ-160 தரம், மருத்துவமனைக்கு வெளியே அவசர ஊர்திகளில் பயன்படும் மின் மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601-1-12, ஐரோப்பாவில் ஏர் ஆம்புலன்ஸ்களுக்கென்றே எழுதப்பட்ட இஎன் 13718 ஆகியவை உலகம் அறிந்தவை. நம் நாட்டில் மருத்துவக் கருவிகளுக்கு 2017ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. ஆனால் கருவி நோயாளிக்குப் பாதுகாப்பானது என்பது ஒரு கேள்வி; அது இந்த விமானத்தில், இந்த இடத்தில் பொருத்தப்பட்டால் பாதுகாப்பானதா என்பது வேறு கேள்வி. முதலாவதை ஓர் அலுவலகமும் இரண்டாவதை இன்னோர் அலுவலகமும் பார்க்கும்போது, இரண்டுக்கும் நடுவில் விழுவது எங்கள் நோயாளிதான். அதனால்தான் இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் கோரிக்கை இது. மலைப்பகுதியில் ஏர் ஆம்புலன்ஸ் சேவை தொடங்க அனுமதி தரும் முன், அந்தக் குறிப்பிட்ட விமானத்தில் வைக்கப்படும் வென்டிலேட்டர், மானிட்டர், பம்ப், டிஃபிப்ரிலேட்டர், ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாகப் பொருத்தி, என்ஜினும் ரேடியோவும் இயங்கும் நிலையில் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். தயாரிப்பாளர் ஏற்கெனவே செய்த டிஓ-160 சோதனைச் சான்று இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம். அதையே திரும்பச் செய்யச் சொல்லிக் காலத்தையும் பணத்தையும் கரைக்க வேண்டியதில்லை. எச்சரிக்கைகள் ஒலியாக மட்டுமன்றி, காதில் ஹெட்செட் மாட்டியிருக்கும் செவிலியரின் கண்ணில் படும் ஒளியாகவும் இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமாக, மாற்றுக் கருவிகளைப் பற்றி விதி வேண்டும். சான்று பெற்ற பம்ப் ஒரு நாள் பழுதாகும். அவசரத்தில் யாராவது வார்டுக்கு ஓடிப் போய் அங்கே இருக்கும் பம்ப்பை எடுத்து வருவார்கள். நானே அப்படி ஓடியிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில், தொடக்க நாளில் செய்த சோதனை முழுவதும் பொருளற்றதாகிவிடுகிறது. ஆகவே மாற்றுக் கருவியும் அதே பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத கருவியை ஏற்ற மாட்டேன் என்று சொல்லும் உரிமை விமானிக்கும் செவிலியருக்கும் எழுத்தில் தரப்பட வேண்டும். எழுத்தில் இல்லாத உரிமையை, மருத்துவரும் உறவினர்களும் சுற்றி நிற்கும்போது ஒரு செவிலியரால் பயன்படுத்த முடியாது.

கேரளத்தில் ஏறித் தமிழ்நாட்டில் இறங்கும் பயணம் என்பதால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜன் குழாயின் முனை ஒரு மருத்துவமனையில் பொருந்தும், மற்றொன்றில் பொருந்தாது. அடாப்டர் தேடி நிற்கும் அந்தச் சில நிமிடங்களை நான் அனுபவித்திருக்கிறேன். இரு மாநிலங்களிலும் நோயாளியை ஏற்கும் மருத்துவமனைகளில் என்ன இணைப்பு இருக்கிறது என்பது சான்றளிக்கும்போதே கேட்கப்பட வேண்டும்.

சான்று பெற்ற கருவிகளின் பட்டியலை விமானத்தின் பதிவு எண்ணோடு உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள். கருவியின் மேலேயே அந்தப் பதிவு எண்ணும், கடைசியாகச் சோதித்த தேதியும் மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டப்பட்டிருக்கட்டும். நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் நோயாளியை ஏற்றும்போது, அதைப் படித்துப் பார்க்க எனக்குப் பத்து நொடி போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தேவிகுளம் தாலுகாவின் ஒரு செவிலியர்