சொக்குவுக்கு, சர்வரில் கை வைக்கும் முன்

அன்புள்ள சொக்கு,

உன் மெயில் கிடைத்தது. அப்பச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக ஆத்தா போனில் சொன்னார்கள். நிம்மதி. காரைக்குடியில் எல்லோரும் நலம். எங்கள் பெரிய வீட்டில் இரண்டாம் கட்டு ஒழுகுகிறது. மராமத்துக்குப் பங்காளிகள் எல்லோரையும் சம்மதிக்க வைப்பதைவிட, உன் கம்பெனியில் சர்வரை ஒரு ராத்திரி நிறுத்த அனுமதி வாங்குவது சுலபம் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சர்வரின் ஓஎஸ்ஸை (ஆபரேட்டிங் சிஸ்டம்) சென்ட்ஓஎஸ் 7-லிருந்து ராக்கி லினக்ஸ் 9-க்கும், ரசீதுகள் இருக்கும் டேட்டாபேஸைப் போஸ்ட்கிரெஸ் 12-லிருந்து 16-க்கும் ஒரே ராத்திரியில் மாற்றப் போவதாக எழுதியிருக்கிறாய். மாறத்தான் வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு பேட்ச் (பிழை திருத்தங்கள்) வருவது நின்றுவிட்டது. போஸ்ட்கிரெஸ் 12-க்கு அதே ஆண்டு நவம்பரில். எனக்கு உறுத்துவது உன் திட்டத்தின் கடைசி வரிதான்: “பிரச்சினை வந்தால் ரோல்பேக்.” பழைய நிலைக்குத் திரும்புவது சரி, ஆனால் எதை, எத்தனை மணி வரைக்கும் என்று அதில் இல்லையே.

புரோகிராம் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடும். டேட்டா திரும்பாது. ராத்திரி 2 மணிக்கு மாற்றுகிறாய். காலை 9 மணிக்குக் கிளைகள் திறக்கின்றன. 11 மணிக்குக் கோளாறு தெரிகிறது. அப்போது, மாற்றும் முன் எடுத்து வைத்த டேட்டா நகலான ஸ்னாப்ஷாட்டுக்குப் போனால் அந்த இரண்டு மணி நேரம் போட்ட ரசீதெல்லாம் என்ன ஆவது? ஆக, உன் ரோல்பேக்குக்கு ஆயுள் காலை 9 மணி வரைதான். அதற்கப்புறம் புது வெர்ஷனிலேயே நின்று சரிசெய்ய வேண்டும், அல்லது டேட்டாவோடு திரும்ப ஒரு வழியை முன்னாலேயே போட்டு வைத்திருக்க வேண்டும்.

அந்த வழி இருக்கிறது. ஒரு டேட்டாபேஸில் ஏறும் ஒவ்வொரு மாற்றத்தையும் இன்னொன்றுக்கு உடனுக்குடன் அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வைத்துப் புது சர்வரைப் பக்கத்தில் ஓடவிடு. மாறிய உடனே ஓட்டத்தைத் திருப்பி, 16-லிருந்து 12-க்குப் போகும்படி செய். கிளைகள் போடும் ரசீது பழைய சர்வருக்கும் போய்க்கொண்டிருக்கும். ஆனால் அடுத்த வரிக்கு எண் கொடுக்கும் சீக்வென்ஸ் எண்களும் டேபிள் அமைப்பு மாற்றங்களும் தானாகப் போகாது. அவற்றைக் கையால்தான் கொண்டுபோக வேண்டும். திரும்பிய பிறகு சீக்வென்ஸ் பின்தங்கியிருந்தால் முதல் ரசீதே எண் மோதி நிற்கும்.

இதெல்லாம் வேண்டாம், பழைய டேட்டா ஃபைல்களைப் புது வெர்ஷனுக்கு ஏற்றும் பிஜி_அப்கிரேட் கருவியே போதும் என்றால், ஃபைல்களைக் காப்பி எடுக்காத அதன் லிங்க் முறையை மட்டும் தொடாதே. வேகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பழையதும் புதியதும் ஒரே ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும். புது சர்வரை ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் பழையதை நம்பி எழுப்ப முடியாது. டிஸ்க் இடம் கூடுதலாகப் பிடித்தாலும் காப்பி முறையிலேயே போ.

உன் திட்டத்தில் இன்னொன்றும் இல்லை, இதுதான் ஆபத்து. லினக்ஸில் எழுத்து வரிசையைத் தீர்மானிக்கும் அடிப்படை லைப்ரரி ஜிலிப்சி; சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பது அதன் 2.17 வெர்ஷன். 2.28-ல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியையே மாற்றிவிட்டார்கள். ராக்கி 9 அதற்கும் பிந்தியது. இரண்டு சர்வரிலும் இந்தச் சோதனையைச் செய்து பார். 1-1, 11 என்று இரண்டு வரி எழுதி, லொகேலை (எந்த மொழியின் வரிசை விதி என்ற அமைப்பு) அமெரிக்க ஆங்கிலம் யூடிஎஃப்-8 ஆக வைத்து, வரிசைப்படுத்தும் சார்ட் கமாண்ட் கொடு. பழையதில் 11 முதலில் வரும். புதியதில் 1-1 முதலில் வரும். உங்கள் ரசீது எண்ணில்தான் நடுவே சிறு கோடு (-) இருக்கிறதே! பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸை (வரியைச் சீக்கிரம் தேடித் தரும் அட்டவணை) புது ஓஎஸ் படித்தால், இருக்கும் ரசீதை இல்லை என்று சொல்லும். ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்று யூனிக் ஆக வைத்த பத்தியிலேயே (column) ஒரே எண் இரண்டு முறை ஏறும். எர்ரர் எதுவும் வராது. பிஜி_அப்கிரேடில் போனால் கிளைகள் திறக்கும் முன் டெக்ஸ்ட் இண்டெக்ஸ் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட ரீஇண்டெக்ஸ் கொடுத்தாக வேண்டும். அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று டெஸ்ட் சர்வரில் முழு டேட்டாவோடு ஓட்டிப் பார். அந்த டேட்டா ஃபைல்களையே பழைய ஓஎஸ்ஸுக்குத் தூக்கிப் போனாலும் இதே கதைதான். லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் இந்தத் தொல்லை கிடையாது. புது சர்வர் இண்டெக்ஸைத் தானே புதிதாகக் கட்டிக்கொள்ளும்.

அப்புறம், ரோல்பேக் என்றாலே பாதுகாப்பு என்று உன் மேனேஜர் சொன்னால், 2012 ஆகஸ்ட் 1-ல் அமெரிக்காவில் நைட் கேபிட்டல் என்ற பங்குச் சந்தை கம்பெனிக்கு நடந்ததைச் சொல். எட்டு சர்வரில் ஒன்றுக்குப் புது புரோகிராம் போகவில்லை. அதில் கிடந்த பழைய புரோகிராம் தாறுமாறாகப் பங்கு ஆர்டர் போட்டது. பதற்றத்தில் சரியாக இருந்த ஏழிலிருந்தும் புதியதை எடுத்தார்கள். எட்டிலும் பழைய புரோகிராம் ஓட ஆரம்பித்தது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். திரும்பவா வேண்டாமா என்பதை அந்த நேரத்தில் நாலு பேர் கூடிப் பேசினால் இப்படித்தான் ஆகும். ராத்திரி எத்தனை மணிக்குள் எந்தச் சோதனை தேறாவிட்டால் திரும்புவது, அதைச் சொல்லும் ஒரே ஆள் யார் என்று இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்கு.

ஓஎஸ்ஸையும் டேட்டாபேஸையும் சேர்த்து மாற்றாமல் இரண்டு வெவ்வேறு வாரக் கடைசிகளில் பிரித்துச் செய்தால் எனக்கு இன்னும் திருப்தி. கோளாறு எதனால் என்று தேடும் வேலை பாதியாகும். நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா தெரியவில்லை.

மாசி-பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மன் பால்குடம் அன்று காரைக்குடிக் கிளை மூடியிருக்கும் என்று அந்தத் தேதியைக் கேட்டிருந்தாய். வேண்டாம். அன்றைக்கு நெட்வொர்க்காரரும் கிடைக்கமாட்டார், எலெக்ட்ரீஷியனும் கிடைக்கமாட்டார். கூட்டத்தில் எங்கள் தெருவிலிருந்து நானே வெளியே வர முடியாது.

லொகேல் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்து எழுது. எந்த மொழி விதியும் பார்க்காத சி லொகேல் என்றால் இண்டெக்ஸ் கவலை தீர்ந்தது. டேபிள் அளவுகளையும் அனுப்பு, ரீஇண்டெக்ஸ் ஸ்கிரிப்டை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
லெட்சுமணன்